டிரைவர் யூனுக்கு வேறு வேலை கிடைத்திருக்குமா?

மச்சான்,

நேற்று வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த வேலை, யார் சொல்லிக் கிடைத்தது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். உன் பெயரை இங்கே எழுதவில்லை. நம் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள், புரிகிறவர்களுக்குப் புரியட்டும்.

'பாரசைட்' என்ற கொரியப் படம் நாலு ஆஸ்கர் வாங்கிய வாரம், 2020 பிப்ரவரியில், நாம் அதைப் பார்க்கப் போனோம். ஓர் ஏழைக் குடும்பம், அங்கே இருந்த வேலையாட்களை ஒவ்வொருவராகத் துரத்திவிட்டு ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு நுழைகிற கதை. டிக்கெட் நீதான் எடுத்தாய். போன வாரம் தனியாக உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். அந்தப் பீச் பழக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று.

பழத்தின் மேலிருக்கும் மெல்லிய பஞ்சைச் சுரண்டி, பீச் ஒத்துக்கொள்ளாத அந்த வீட்டு வேலைக்காரம்மா மேல் தூவுவார்கள். அவள் இருமுவாள். காசநோய் என்று முதலாளியம்மாவை நம்பவைத்து, குப்பைக்கூடையில் கிடக்கும் காகிதத்தில் சிவப்புச் சாஸை ரத்தமாகக் காட்டி, அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். தியேட்டரே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். நீ மட்டும் என் பக்கம் சாய்ந்து, "முன்னாடி துரத்துனாங்களே, அந்த டிரைவர், அவருக்கு வேற வேலை கிடைச்சிருக்குமா?" என்று கேட்டாய். "படத்தைப் பாருடா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் அந்த ஏழைக் குடும்பத்து அப்பா, குடித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். டிரைவர் யூனுக்கு இப்போது வேறு வேலை கிடைத்திருக்கும் இல்லையா என்று. அவர் மகள் கத்தினாள்: நம்ம கவலையைப் பாருங்கள், அந்த டிரைவரைப் பற்றி எதற்கு? நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். இருட்டில் உன் கண்ணாடிதான் தெரிந்தது, கண் தெரியவில்லை. அந்த நிமிடம் எனக்குள் அவள் சொல்வது சரிதானே என்று ஓடியது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் மேலாளரின் அறையில் நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. படத்தில் அந்த வேலைக்காரம்மாவுக்குப் பீச் ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மைதானே, காசநோய் என்பதுதான் பொய். உனக்கு இருந்த இருமலை நான் சொன்னேன், நோய்க்குப் பெயரை அவர்களே வைத்துக்கொண்டார்கள். திருத்தியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இருந்தது ஒரு நாற்காலி, என் வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருத்தன். இதை எழுதும்போதே தெரிகிறது, அந்தப் படத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை. படத்தில் வரும் அந்த மின், வசதியான நண்பன், பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு ட்யூஷன் எடுக்கும் வேலையைத் தன் காலேஜ் பையன்களுக்குத் தராமல் ஏன் ஏழைக் குடும்பத்து மகன் கி-வூவுக்குத் தருகிறான்? தான் விரும்பும் அந்தப் பெண் விஷயத்தில் இவன் தனக்குப் போட்டியாக வந்துவிட முடியாது என்ற நிம்மதியில்தான். கையில் ஒரு கல்லையும் கொடுத்துவிட்டுப் போவான், செல்வம் தரும் கல் என்று. நீ என்னைச் சிபாரிசு செய்தபோதும் அந்த நிம்மதி உனக்கு இருந்ததா, இல்லையா? நான் உன்னைத் தாண்டுவேன் என்று நீ ஒரு நிமிடமாவது நினைத்திருந்தால் என் பெயரைச் சொல்லியிருப்பாயா? அந்த டிரைவருக்காக வருத்தப்பட உன்னால் முடிந்தது. விழுந்தால் தாங்க உனக்கு ஆள் இருந்தது, மச்சான். எனக்கு இல்லை.

ஆனாலும் அந்தக் கேள்வியை நீதான் கேட்டாய். தியேட்டரில் வேறு யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் அந்தப் படத்தில் முதலாளி முகம் சுளிக்கும் ஏழைகளின் வாசனையைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். அந்த முதலாளி வீட்டுக்காரர்களுக்கு யார் யாரைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்கள் என்பதே தெரியாது. அடிபிடி முழுக்கக் கீழே இருக்கிறவர்களுக்குள். ஒரே வாசலுக்கு இரண்டு குடும்பம்.

2022 ஆகஸ்டில் சியோல் வெள்ளத்தில், படத்தில் வருவது போலவே பாதி தரைக்குக் கீழே இருந்த ஒரு வீட்டில், ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்த செய்தி வந்தது. படத்தில் தண்ணீர் ஏறி, அந்தக் கல் மேலே மிதந்து வருமே, அதுதான் உடனே நினைவுக்கு வந்தது. அந்த மாதிரி வீடுகள் எப்படி வந்தன என்று படம் முடிந்து நடந்து வரும்போது நீ சொல்லிக்கொண்டே வந்தாய். போர் வந்தால் பதுங்குவதற்காக 1970-இல் சட்டம் போட்டுக் கட்டவைத்த அடித்தளங்கள், பிறகு வீடு கிடைக்காதவர்களுக்கு வாடகைக்குப் போயின என்று. செய்தியைப் படித்ததும் உன் எண்ணை எடுத்தேன். விரல் அதன்மேல் இருந்தது. அழைக்கவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது?

டிரைவர் யூன் அப்புறம் படத்தில் வரவே மாட்டார். இந்த முறை கடைசிவரை கவனித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. உனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் விசாரிக்கவில்லை.

மாதக் கடைசி வரை அலுவலகம் போக வேண்டும். அதற்கு அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அழைக்கிறேன். நீ எடுக்காவிட்டாலும் சரி, மறுநாளும் அழைப்பேன்.