மந்திரவாதிக்குக் கவசம் கொடுக்கலாம், ஆனால் சும்மா கொடுக்கக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேசை விளையாட்டுகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் கேம் பற்றித் தமிழில் இவ்வளவு இடம் ஒதுக்கி எழுதியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் மந்திரவாதி கவசம் போடக்கூடாது என்பது அர்த்தமில்லாத பழைய விதி, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும் என்று போகிற போக்கில் சொல்லியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பல வருடமாக ஒரே குழுவோடு அந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆடுகிறேன், பெரும்பாலும் ஃபைட்டராக, அதாவது முன்வரிசைப் போர்வீரராக. அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

கட்டுரையாளரோடு ஒத்துப்போகும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு போட்டால் கை அசையாது, கை அசையாவிட்டால் மந்திரம் பலிக்காது என்று வழக்கமாகச் சொல்லும் காரணம் நிற்காது. முழுத் தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ, அந்த எடையும் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், பழகியவர்கள் அதோடு ஓடலாம், குதிரை ஏறலாம். அப்புறம், அதே விளையாட்டில் கிளெரிக், அதாவது பூசாரி, கவசத்தோடு கையை அசைத்து மந்திரம் போடுகிறாரே, அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது? ஆக, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரில் யாருக்கு என்ன வேலை என்பதில்தான் இந்த விதி நிற்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இதுதான் தெரியும். 1971-ல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் மந்திரவாதி கிட்டத்தட்ட ஒரு பீரங்கி. வரிசைக்குப் பின்னால் நின்று தீக்கோளம் எறிவார், முன்னால் நிற்பவர்கள் அவரைக் காப்பாற்ற வேண்டும். 1974-ல் டி அண்ட் டி வந்தபோதும் மேஜிக் யூசர் என்று அழைக்கப்பட்ட மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது, ஆயுதம் என்றால் ஒரு குத்துவாள்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். 2014 விதிகளில் ஒரு கவசத்தில் பயிற்சி இல்லாமல் அதைப் போட்டால் மந்திரமே போட முடியாது, பயிற்சி இருந்தால் எந்தத் தடையும் இல்லை. எங்கள் குழுவில் ஒரு தோழி தன் மந்திரவாதிக்கு, ஆட ஆட ஏறும் லெவல்களில் ஒன்றே ஒன்றை மட்டும் கிளெரிக்காக எடுத்தாள். அதோடு ஹாஃப் பிளேட் என்ற பாதித் தகட்டுக் கவசமும் கேடயமும் போட அனுமதி வந்துவிட்டது. அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண்ணில் ஹாஃப் பிளேட்டுக்கு 15, சுறுசுறுப்பைக் காட்டும் டெக்ஸ்டெரிட்டிக்கு 2, கேடயத்துக்கு 2, மொத்தம் 19. ஆபத்து என்றால் ஷீல்ட் மந்திரம், இன்னொரு 5, அடுத்த முறை அவள் ஆட்டம் வரும்வரை 24. முழுத் தகடும் கேடயமும் போட்டு முன்வரிசையில் நிற்கும் என் ஃபைட்டருக்கு 20. காப்ளின் என்ற சாதாரணக் குட்டி அரக்கன் தாக்கும்போது இருபது பக்கப் பகடையோடு 4 கூட்டுவான், அப்படியென்றால் என்மேல் அடி விழ 16 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஷீல்ட் போட்ட அவள்மேல் விழ 20-தான் வேண்டும். நான் நாலில் ஒரு தடவை அடி வாங்குகிறேன், எனக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் இருபதில் ஒரு தடவை வாங்குகிறாள். அவள் கொடுத்த விலை என்ன? ஸ்பெல் ஸ்லாட், அதாவது மந்திரம் போடச் செலவழிக்கும் வாய்ப்பு, ஒன்றுகூடக் குறையவில்லை, தீக்கோளம் எறியும் ஃபயர்பால் மந்திரம் மட்டும் ஒரு லெவல் தள்ளி வந்தது.

அவள்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, விதி அனுமதித்ததைத்தான் செய்தாள். ஆனால் வாசலை மறித்து நின்று "நீ பின்னாலேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்காகத்தான் நான் ஃபைட்டர் ஆடுகிறேன், அதைச் சொல்ல வேண்டிய தேவையே அந்த மாதங்களில் வரவில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மந்திரவாதி ஒன்றும் வெறும் உடம்போடு நிற்பவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் மொழியில் கவசம் என்றால் இரும்புச் சட்டையும் உண்டு, காப்பாற்றும்படி ஓதும் மந்திரமும் உண்டு. மேஜ் ஆர்மர் என்ற மந்திரம் இந்த இரண்டாவது வகை. முதல் லெவல் ஸ்லாட் ஒன்று செலவு, எட்டு மணி நேரம் நிற்கும், 13-ஓடு டெக்ஸ்டெரிட்டி சேரும், அவளுக்கு அது 15. அந்தக் காப்ளினுக்கு இப்போது பாதிக்குப் பாதி வாய்ப்பு. பயமும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது, எனக்கு இந்த அளவு பிடிக்கும்.

எல்லா விளையாட்டிலும் தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1978-ல் வந்த ரூன்குவெஸ்டில் வாள் பிடிப்பவரும் மந்திரம் போடலாம், மந்திரம் போடுபவரும் கவசம் போடலாம், அங்கே ஃபைட்டர், கிளெரிக் மாதிரி கிளாஸ் என்ற பிரிவே கிடையாது. ஷேடோரன்னில் மந்திரம் போடுபவர்கள் கவச ஜாக்கெட்டோடுதான் திரிகிறார்கள், ஆனால் ஒவ்வொரு மந்திரமும் போட்டவரின் உடம்பையே வாட்டும். விலை எங்கேயாவது இருக்கிறது.

டி அண்ட் டி-யில் அந்த விலையைச் சரியாக வைத்தது 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புதான். தோல் கவசத்துக்கு 10 சதவீதம், முழுத் தகட்டுக்கு 35 சதவீதம், கை அசைவு தேவைப்படும் மந்திரம் அந்த அளவுக்குத் தவறிப்போகலாம். கவசம் வேண்டுமா, போட்டுக்கொள், ஒவ்வொரு முறையும் பகடையை உருட்டு. பலருக்கு இது எரிச்சலாக இருந்ததும் தெரியும், மந்திரமும் போய் ஸ்லாட்டும் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

அதனால் நாங்கள் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டோம். ஹாஃப் பிளேட் போட்ட மந்திரவாதி கையசைவு உள்ள மந்திரத்தைப் போடும்போது இருபது பக்கப் பகடையை உருட்டுவார், 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அந்தச் சுற்று வீண், ஸ்லாட் மட்டும் கையில் நிற்கும். மிஸ்டி ஸ்டெப் மாதிரி வாயால் மட்டும் சொல்லும் மந்திரங்களுக்கு உருட்ட வேண்டாம். தோழி இரண்டு வாரம் முணுமுணுத்தாள், பிறகு அவளாகவே கவசத்தை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். கதவைத் திறக்கும் முன் என்னைப் பார்த்து "நீ முன்னால போறியா?" என்று கேட்கவும் ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இரண்டு மூன்று பேர் மட்டும் ஆடுகிற மேசை, முன்னால் நிற்க ஃபைட்டரும் இல்லை, கிளெரிக்கும் இல்லை என்றால், அங்கே மந்திரவாதிக்குத் தாராளமாகக் கவசம் மாட்டிவிடுங்கள், பகடையும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஃபைட்டர் வாசகர்