சுண்ணாம்புப் பொட்டலமும் ஸ்டெம் செல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்களைக் கொண்டு உடல் திசுக்களை உருவாக்கும் திசுப் பொறியியல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ஆய்வகத்தில் இதயம் வளரப்போகும் காலத்தையே பேசியது. நடப்பதையும் சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கம் வெற்றிலைச் சுண்ணாம்பு சிறு பொட்டலத்தில் விற்கிறது. குழந்தை பிதுக்கினால் கண்ணில் தெறிக்கும். கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும், அதன் விளிம்பிலுள்ள ஸ்டெம் செல்கள் கருகினால், பார்வை மறைந்துவிடக்கூடும். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 2012-இல் வெளியிட்ட முறையில், நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவே திசு எடுத்து, துணுக்குகளாக்கி, பாதித்த கண்ணில் பரப்பிய பனிக்குடச் சவ்வின்மேல் (கருவிலுள்ள குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) ஒட்டுகிறார்கள். செல்கள் கண்ணிலேயே வளர்கின்றன. ஆய்வகச் செலவு மிச்சம். இரு கண்ணும் கெட்டிருந்தால் பிறர் திசுவைத் தேடவேண்டி வரலாம், அது பெரும்பாடு. சுண்ணாம்பு பட்டதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்று பொட்டலத்தில் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட வைக்க அரசுக்கு என்ன தயக்கம்?

– ஒரு வாசகர், நகரி, சித்தூர் எல்லை