வுட்லான் தெருவுக்கு ஒரு நன்றி மடல்

சிகாகோவின் வுட்லான் பகுதியில் என்னைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

படிப்பு முடிந்துவிட்டது, மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். உங்களிடம் நேரிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் இதை ஊரறியச் சொல்ல வேண்டும். இங்கே படிக்க வரப்போகும் நம் பிள்ளைகளும் அவர்களை அனுப்பப் பயப்படும் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்காக: சிகாகோ பல்கலைக்கழகம் நகரின் தென்பகுதியில், ஹைட் பார்க்கில் இருக்கிறது. அதன் தெற்கே மிட்வே என்ற நீளமான புல்வெளியைத் தாண்டினால் வுட்லான். வாடகை கொஞ்சம் குறைவு என்று என்னைப் போன்றவர்கள் அங்கே வீடு பிடிப்போம். நான் வந்து சேர்ந்தது 2021-ல். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் இல்லாத அளவுக்குச் சிகாகோவில் கொலைகள் நடந்த வருடம் அது. நவம்பரில், இங்கே முதுகலை முடித்திருந்த 24 வயதுச் சீன இளைஞர் ஒருவர் ஹைட் பார்க்கில் பட்டப்பகலில் நடந்த வழிப்பறியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரிலிருந்து யார் பேசினாலும் ஒரே கேள்விதான்: "அங்கேதான் படிச்சாகணுமா?"

அடுத்த குளிர்காலத்தில் என்னையும் மறித்தார்கள். இரவு ஏழு மணிதான் இருக்கும். இரண்டு பையன்கள். ஒருவனுடைய கை கோட்டுப் பைக்குள்ளிருந்து கடைசிவரை வெளியே வரவே இல்லை. மற்றவன் போனை வாங்கினான், பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டான், அதைப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் கிளம்பினான்.

போனே இல்லாமல் போலீஸை எப்படிக் கூப்பிடுவது? வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நீல விளக்கு எரியும் கம்பங்கள் உண்டு. பொத்தானை அழுத்தினால் பல்கலைக்கழகத்தின் சொந்தப் போலீஸோடு பேசலாம். 37ஆம் தெருவிலிருந்து 64ஆம் தெரு வரை அவர்களுடைய ரோந்து. அன்று வந்த அதிகாரி என்னைக் காரில் உட்காரவைத்து, ஹீட்டரைக் கூட்டிவிட்டு, என் கை நடுக்கம் நிற்கும்வரை நோட்டையே திறக்கவில்லை. ஐயா, உங்களுக்கு நன்றி.

போன் போனால் கூடவே என்னென்ன போகும் என்பது அன்றுதான் புரிந்தது. பல்கலைக்கழகக் கணினிக்குள் நுழைய வேண்டுமானால் போனில் இருக்கும் டுயோ செயலி "ஆம், இவன்தான்" என்று சொல்ல வேண்டும். ஊர் வங்கிக் கணக்கைப் பார்க்க ஓடிபி வேண்டும், அது வரும் சிம் திருடனிடம். மாடி வீட்டுத் திருநெல்வேலி அக்கா அலமாரியிலிருந்து தன் பழைய போனை எடுத்து சார்ஜில் போட்டார். சிகாகோவில் இரவு என்றால் இந்தியாவில் காலை. சிம்மை முடக்கி, கார்டை முடக்கி, ஒவ்வொரு ஹெல்ப்லைனிலும் பாட்டுக் கேட்டபடி நள்ளிரவுவரை கூடவே உட்கார்ந்திருந்தார். நடுவே ரசம் வைத்துச் சோறு போட்டார். என் அம்மாவிடம் பேசியதும் அவர்தான். "போன்தாம்மா போச்சு, பிள்ளை நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்றார். அம்மாவுக்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்! அக்கா, இந்தக் கடனை என்னால் அடைக்க முடியாது.

அப்புறம், கீழ்வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோரும் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு நட. எதிரே வருகிறவர் யாரானாலும் குட் ஈவினிங் சொல்லு. உன் முகம் இந்தத் தெருவுக்குத் தெரியணும்" என்றார். சொன்னதோடு விடாமல், முனைக் கடை, முடிதிருத்தும் கடை, சர்ச் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இவன் நம்ம பில்டிங் பையன்" என்று அறிமுகப்படுத்தினார். அதன்பின் நான் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்துக்கு முடிதிருத்துபவர் சீப்பும் கையுமாக வாசலுக்கு வந்து ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அவருக்கும் நன்றி.

அந்த அம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் இன்னொன்றும் தெரியவந்தது. 2010-ல் இதே வுட்லானில் 18 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டார். பல்கலைக்கழக மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தும், பெரியவர்களுக்கான விபத்துக் காயச் சிகிச்சைப் பிரிவு அங்கே இல்லை. மைல் கணக்கில் தள்ளி, நகர மையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அதன்பின் அவருடைய நண்பர்களும் இந்தத் தெருக்காரர்களும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018 மே மாதம் அந்தப் பிரிவைத் திறக்க வைத்தார்கள். கீழ்வீட்டு அம்மாவும் முழங்கால் வலியோடு ஊர்வலம் போனவர். நம் வாட்ஸ்அப் குழுக்களில் "அந்த ஏரியா பக்கமே போகாதே" என்று வரைபடம் போட்டு அனுப்புகிறோம். அந்த ஏரியாவில் அதிகம் சாவது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நாம் பட்டம் வாங்கியதும் பெட்டி கட்டிவிடுவோம், அவர்களுக்கு ஊரே அதுதான். அப்படி இருந்தும் வந்தவனை 'நம்ம பையன்' என்றார்களே, அதற்குத்தான் இந்த மடல்.

பனி கொட்டிய இரவில் நிறுத்தத்துக்கு முன்பே, என் வீட்டு வாசலுக்கு நேரே பஸ்ஸை நிறுத்திய ஓட்டுநர் அம்மாவுக்கும், டுயோவைச் சரிசெய்யும்வரை தன் கணினியை விட்டுக்கொடுத்த லேப் நண்பனுக்கும் நன்றி.

புதிதாக வுட்லானுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: அக்காவின் அந்தப் பழைய போனை என் சார்ஜரோடு அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்டால் மாடிப்படி ஏறிக் கேளுங்கள். போகிற வழியில் கீழ்வீட்டுக் கதவையும் தட்டி உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
இரண்டாம் மாடிப் பையன்