முதலில் 2184-இலிருந்து 2200 வரை எழுது

அன்புள்ள தங்கைக்கு,

எம்.எஸ்சி. முடித்த கையோடு எண் கோட்பாட்டில் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், பகா எண்களின் பரவலைப் பற்றி இன்னும் நிறுவப்படாமல் இருக்கும் ரீமன் கருதுகோளுக்கு எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ரீமனைக் கொஞ்ச நாள் தள்ளி வை. ஒரு சின்னத் தேற்றத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை நிறுவியது ஒன்று உண்டு. அடுத்தடுத்து வரும் எண்களில் 16 வரை எத்தனை எடுத்தாலும், அவற்றில் ஒன்றாவது மற்ற எல்லா எண்களோடும் சார்பகா எண்ணாக இருக்கும், அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்காது. 17 எடுத்தால் அப்படி இல்லாமலும் போகலாம்.

2184 முதல் 2200 வரை தாளில் எழுதிக் காரணிப்படுத்து. இரட்டை எண்களுக்குக் கவலையில்லை, 2 இருக்கிறது. 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல் வகுபடும். 2185-க்கும் 2195-க்கும் 5 பொது. 2191-க்கு 7 வழியாக 2184 துணை. 2197 என்பது 13-இன் முப்படி. அதற்கும் 2184-தான் துணை. 2189 = 11 × 199; அதற்கு 2200 துணை. தனித்து நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை.

இப்போது 2184-ஐ அழி. 2197 துணையில்லாமல் நிற்கும். 2184-ஐ வைத்துக்கொண்டு 2200-ஐ அழித்தால் 2189 தனியாகிவிடும். இரண்டு ஓரமும் தேவை என்பது இதில் கண்ணுக்கே தெரிகிறது. நிரூபணத்தைப் படிப்பதற்கு முன் இப்படி ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துவிட்டு எது உடைகிறது என்று பார்.

அடுத்தது காரணம். இரண்டு எண்களைப் பொதுவாக வகுக்கும் பகா எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். 17 எண்களுக்குள் வித்தியாசம் 16-ஐத் தாண்டாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 தவிர வேறு எதுவும் உள்ளே வராது. இவற்றின் பெருக்கல் 30030. எந்த எண்ணோடு 30030-ஐக் கூட்டினாலும் இந்தப் பகா எண்களால் வகுத்த மீதிகள் மாறாது. அதனால் எண்ணற்ற தொடக்கங்களைப் (17 எண்களில் முதல் எண்) பற்றிய கேள்வி 30030 தொடக்கங்களைச் சோதிப்பதாகச் சுருங்கிவிட்டது! இந்தச் சுருக்கம்தான் எண் கோட்பாட்டின் உயிர்.

எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கான பாரி-ஜிபி மென்பொருள் இலவசம், அதிலோ பைத்தானிலோ நிரல் எழுது. 1 முதல் 30030 வரையான தொடக்கங்களில் 2184, 27830 என்ற இரண்டு மட்டுமே வர வேண்டும். வேறு விடை வந்தால் இரண்டு இடங்களைப் பார். பாரி-ஜிபியில் தொடக்கத்தோடு 17-ஐக் கூட்டி முடிவு வைத்திருந்தால் 18 எண்களைச் சோதிக்கிறாய். அங்கே 16-தான் கூட்ட வேண்டும்; பைத்தானின் range முடிவெண்ணைச் சேர்க்காது, அதில் 17. ஓர் எண்ணை அதனோடே ஒப்பிட்டிருந்தால் 1-ஐத் தவிர எதற்கும் பொதுக் காரணி எப்போதும் இருக்கும், 1 தவிர எல்லாத் தொடக்கமும் விடையாக வந்து நிற்கும்.  

27830 எங்கிருந்து வந்தது? 30030-லிருந்து 2200-ஐக் கழித்துப் பார். எண்களின் குறியை மாற்றினாலும் பொதுக் காரணிகள் மாறுவதில்லை.

பாடங்களைப் பொறுத்தவரை, பகா எண்களின் பரவல் உன்னை இழுத்தால் கலப்பெண் பகுப்பாய்வு திடமாக இருக்க வேண்டும். இயற்கணித வழி என்றால் கால்வா கோட்பாடும் வளையங்களும். 6-ஐ 2 × 3 என்றும் (1+√−5)(1−√−5) என்றும் பிரிக்க முடிவது ஏன் சிக்கல் என்று புத்தகம் பார்க்காமல் உன்னால் விளக்க முடிந்தால்தான் ஐடியல்களுக்கு (வளையங்களின் சிறப்பு உட்கணங்கள்) போ.

வழிகாட்டியைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் படி, அவரிடம் இப்போது படிப்பவர்களிடம் பேசு. சென்னையில் இருப்பதால் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் இரண்டின் கருத்தரங்குகளுக்கும் போ. முதல் பத்து நிமிடம் புரிந்தாலே லாபம்.

அதற்குள் 18 எண்களுக்கும் கணக்கைச் செய்துவிடு. வித்தியாசம் 17 வரை போவதால் 17-உம் உள்ளே வந்துவிடும். 30030 போதாது, 510510 வரை ஓட்ட வேண்டும். எத்தனை தொடக்கங்கள் வந்தன என்று எழுது.

அன்புடன்,
அக்கா