நாலரை மணி ஃபிளாஷ் செட்: பறவைப் பயண அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோஸ்டாரிகா, ஈக்வடார், பெரு நாடுகளுக்குப் பறவைப் படப் பயணம் அழைத்துச் செல்லும் தமிழ்க் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பயண அட்டவணைகள் பலவற்றிலும் வரிசை ஒன்றுதான். விடியலில் மனாக்கின் ஆடுகளம் (இந்தச் சின்னப் பறவையின் ஆண்கள் பெண்ணைக் கவர ஆடும் இடம்), பத்து மணிக்கு எறும்புப்படை (கூட்டமாக வேட்டையாடும் எறும்புகளும், அவற்றுக்குத் தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிக்க வரும் பறவைகளும்), மதியம் ஓய்வு, நாலரைக்கு ஹம்மிங் பேர்டு ஃபிளாஷ் செட் (ஒரு பூவைச் சுற்றி ஃபிளாஷ்களை நிறுத்திப் படமெடுப்பது). வெளிச்சத்தையும் வேன் நேரத்தையும் பார்த்துப் போட்ட வரிசை இது. அந்தந்த வேளையில் பறவைக்கு என்ன வேலை இருக்கிறது என்பது கணக்கில் வரவில்லை. படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஈக்வடாரில் மிண்டோ பக்கம் காடு நிற்பதற்குப் பறவை பார்க்க வருபவர்களின் பணமும் ஒரு காரணம். அட்டவணையை மாற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஹம்மிங் பேர்டிலிருந்து தொடங்குகிறோம். திருத்துவது எளிது, தவறு நடப்பதும் அதிகம். நாள் முழுக்கப் பூந்தேன் குடித்தால்தான் இரவைத் தாண்டும் உயிர் அது. ஆண்டீஸ் மலைக் குளிரில் பல இனங்கள் இரவில் உடற்சூட்டை இறக்கிக்கொண்டு கட்டைபோலக் கிடக்கும். பெருவில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பு மெட்டல்டெயில் என்ற இனத்தின் உடற்சூடு 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. விடியலில் மறுபடி சூடேற உடலில் சக்தி இருப்பு வேண்டும். அந்த இருப்பைப் பறவை கடைசியாக நிரப்பிக்கொள்வது பொழுது சாயும் நேரத்தில். உங்கள் செட்டும் சரியாக அப்போதுதான் தொடங்குகிறது.

செட் போடும் முறை உங்களுக்குத் தெரிந்ததே: நாலு முதல் ஆறு ஃபிளாஷ், 1/16 அல்லது 1/32 பவர், பின்னால் அச்சடித்த பச்சைப் பலகை, நடுவே ஒரு பூ. எங்களுக்கு ஃபிளாஷைவிடப் பெரிய கவலை, பறவை அந்தப் பூவுக்கே வரட்டும் என்று சுற்றியுள்ள ஃபீடர்களையெல்லாம் (சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தொங்கவிடும் கலங்கள்) கழற்றுவது. ஒன்றே ஒன்று மிஞ்சினால் செம்பழுப்பு வால் ஹம்மிங் பேர்டு போன்ற சண்டைக்கார இனம் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் துரத்தியபடியே இருக்கும். துரத்துவதற்கும் சக்தி செலவு, ஓடுவதற்கும் செலவு. எனவே செட்டிலிருந்து எட்டு, பத்து மீட்டர் தள்ளி, ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி, குறைந்தது மூன்று ஃபீடராவது தொங்கட்டும். ஒரு செட் அரை மணி நேரம் போதும். காலை எட்டிலிருந்து பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில்தான் வேண்டுமென்றால் இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கழற்றிவிடுங்கள்.

சர்க்கரைத் தண்ணீரை லாட்ஜ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். ஒரு டம்ளர் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு டம்ளர் தண்ணீர், கரைத்து ஆறவைத்து ஊற்ற வேண்டும். இந்தப் பறவைகள் நாடும் பூக்களின் தேனும் ஏறக்குறைய இந்த அளவு இனிப்புதான். ஊரிலிருந்து நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் கொண்டுபோய்க் கலக்கும் பாசம் வேண்டாம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இருக்கும் இரும்புச்சத்து இவற்றுக்கு ஆகாது. தேன் கலந்த தண்ணீர் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயத்துக்கும் அவசியமில்லை, ஃபீடரின் சிவப்பே போதும். தாழ்நிலக் காட்டு வெக்கையில் தினமும், மலையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தாலோ குடிக்கும் துளையில் கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ கொட்டிவிட்டு, வெந்நீரும் பிரஷும் போட்டுத் தேய்க்க வேண்டும். இரவில் ஃபீடர் காலியாவது திருட்டு அல்ல. வௌவால் குடித்துவிட்டுப் போயிருக்கும்.

படத்தைப் பெரிதாக்கும்போது அலகின்மேல் தூசுபோல ஏதாவது தெரிந்தால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். பூக்களில் வாழும் நுண்ணிய உண்ணிகள் பறவையின் மூக்குத் துளைக்குள் ஏறி அடுத்த பூவுக்குப் பயணம் செய்கின்றன. பறவை தேன் குடிக்கும் சில நொடிக்குள் அலகு வழியே ஓடி ஏறவோ இறங்கவோ வேண்டும்.

அடுத்து, பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர். நியோட்ராபிக் (மத்திய, தென் அமெரிக்க வெப்பமண்டல) காட்டின் அடித்தளத்தில் வாழும் பறவைகள் பலவும் ஜோடியாக ஆண்டு முழுக்க ஒரே எல்லையைக் காக்கின்றன. எந்த மாதம் போய்க் குரலை ஒலிக்கவிட்டாலும் அது எதிரி வீட்டுக்குள் புகுந்தது போலத்தான். ஈக்வடாரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் குரல் போட்டபோது பிளெயின் டெயில்டு ரென் என்ற பறவை முதலில் கூடுதலாகப் பாடியது. பன்னிரண்டு நாளுக்குள் பதில் குறைந்தது. பழகிவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஒரு சாலையோரத்தில் ஐந்து குழு ஐந்து வேறு இனங்களுக்குப் போடும்போது அந்தச் சமாதானம் நிற்காது.

பத்து நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். பாதி நேரம் ஸ்பீக்கர் தேவைப்படாது. தேவைப்பட்டால் குறைந்த ஒலியில் இருபது, முப்பது நொடி, பிறகு ஐந்து நிமிடம் மௌனம். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். பறவை பதில் சொன்னதும் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் கைடிடம் மட்டும் இருக்கட்டும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, பாடாமல் ஸ்பீக்கரைச் சுற்றி வந்தால் அது கலங்கியிருக்கிறது. அலகில் இரையோ நாரோ வைத்திருந்தால் அருகில் கூடு இருக்கிறது. இரண்டிலும் உடனே கிளம்ப வேண்டும். காட்டுத் தரையில் ஒளிந்து வாழும் ஆண்ட்பிட்டா என்ற பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது: மிண்டோ அருகே ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி, பெரிய ஆண்ட்பிட்டா ஒன்றுக்கு மரியா என்று பெயர் வைத்து மண்புழு கொடுத்துப் பழக்கினார். பழகிய பறவை தானாக வந்து தின்றுவிட்டுப் போகும். எல்லைச் சண்டை கிடையாது.

ஆடுகளத்தில் நடக்கும் பிழை கண்ணில் படாது. மிண்டோவின் கிளப் விங்டு மனாக்கின் ஆண், இறக்கைகளை முதுகுக்கு மேல் தூக்கி நொடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதுகிறது. ஒரு இறகின் வளைந்த தண்டு, பக்கத்து இறகின் தண்டிலுள்ள ஏழு வரம்புகள்மேல் உரச, வயலின்போல ஒரு நாதம் வரும். அந்த இறக்கையின் அல்னா எலும்பு மற்றப் பறவைகளைப்போல உள்ளீடற்றது அல்ல, கெட்டியானது. கோஸ்டாரிகாவில் மொன்டெவெர்டேயின் நீண்டவால் மனாக்கினோ இரட்டையராக ஆடும்; இணை சேர்வது மூத்த ஆண் மட்டும், இளையவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். இத்தனை பாடும் ஒரு பெண் வந்து பார்ப்பதற்காக. அவள் மங்கிய பச்சை நிறம், சத்தமில்லாமல் வருவாள். பதினைந்து டிரைபாட் நின்றால் திரும்பிப் போய்விடுவாள். ஆண் ஆடிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் கெடவில்லை என்று குழு நினைத்துக்கொள்ளும். வராத பெண்ணை யார் எண்ணுவது?

வெளிச்சம் வருமுன் போய் உட்காருங்கள், ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஆட்டம் ஓயும்வரை எழாதீர்கள், ஃபிளாஷ் கூடாது. பனாமாவின் தங்கக்கழுத்து மனாக்கின் தரையிலுள்ள சருகைத் தானே பொறுக்கி எறிந்து களத்தைச் சுத்தம் செய்யும், சுற்றியுள்ள சின்னக் கன்றுகளுக்கிடையே தாவும். படத்தை மறைக்கிறது என்று அந்தக் கன்றை வளைத்தாலோ வெட்டினாலோ மேடையின் தூணைச் சாய்த்ததாகும்.

எறும்புப்படை பற்றிச் சுருக்கமாக. எசிட்டான் பர்செல்லி என்ற படையெறும்பு ஏறக்குறைய 15 நாள் இடம் மாறிக்கொண்டே வேட்டையாடும், 20 நாள் ஒரே இடத்தில் தங்கும். தங்கும் காலத்தில் வேட்டை குறைவு என்பதால், 'பத்து மணிக்கு எறும்புப்படை' என்று யாரும் உறுதி தர முடியாது. பறவைகள் இரையைப் பிடிப்பது படையின் முன்வரிசையில், பூச்சிகள் தப்பி ஓடும் இடத்தில். அங்கே நடுநாயகமாக ஓசலேட்டட் ஆண்ட்பேர்டு, அதைச் சுற்றி இருநிற ஆண்ட்பேர்டு, ஓரத்தில் புள்ளி ஆண்ட்பேர்டு என்று வரிசை உண்டு. முன்னால் போய் நின்றால் அவற்றின் சாப்பாட்டுத் தட்டில் காலை வைத்தது போல, கடியும் உறுதி. பக்கவாட்டில் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், பேண்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

பெருவின் தம்போபாத்தா ஆற்றோரக் களிமண் சுவரில் பஞ்சவர்ணக்கிளிகள் இறங்குவது சோடியத்துக்காக. மேற்கு அமேசானில் உப்பு அரிது, தாய் தந்தைப் பறவைகள் அந்த மண்ணைக் குஞ்சுக்கும் ஊட்டும். ஒரு படகு சட்டென்று நெருங்கினாலே கூட்டம் மொத்தமாகக் கிளம்பிவிடும், அன்று திரும்பி வராமலும் போகலாம். மழைக் காலையில் வருவதே குறைவு. ஆகவே ஒரு நாளல்ல, மூன்று காலைகள் ஒதுக்குங்கள்.

அடுத்த அட்டவணையை அச்சுக்கு அனுப்புமுன், நாலரை மணி என்ற அந்த ஒரு வரியையாவது அடித்துவிட்டு, காலை எட்டு என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
நியோட்ராபிக் காடுகளில் பறவைகளைப் படிப்போரும் வழிகாட்டுவோரும்