சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளிலிருந்து வந்திருக்கும் கொலுசுப் பட்டறை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நம் பங்கைக் கொடுத்தோம். மறைந்த உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய் வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்க அலுவலகத்தில் ஓயாமல் அடிபட்ட பேச்சு வெள்ளி விலை. அதற்கு அடுத்தது ஓ.டி.பி. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. 2025 ஏப்ரலில் கிலோ சுமார் 1 லட்சம் ரூபாயாக இருந்த வெள்ளி, டிசம்பரில் 2 லட்சத்தைத் தாண்டியது. சொந்த வெள்ளி போட்டு விற்கிறவருக்கு முன்பு 40 கிலோ விற்றால்தான் 40 லட்சம் வரும். அந்த டிசம்பர் விலையில் 20 கிலோவிலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பு அந்த 40 லட்சம்தான். வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. கூலிக்குச் செய்கிறவர்கள் பதற வேண்டாம். வெள்ளி வியாபாரியுடையது, உங்கள் கணக்கில் சேர்வது கூலி மட்டுமே, அதற்கு வரம்பு 20 லட்சம். மற்றவர்களுக்கோ எடையும் கூடவில்லை, லாபமும் கூடவில்லை, பதிவு மட்டும் வாசலில் வந்து நிற்கிறது.

பதிவு செய்ய உட்கார்ந்தால் ஆதாரோடு இணைந்த போன் எண்ணில்தான் வேலை சிக்குகிறது. பலருக்கு அது எப்போதோ தொலைத்த சிம். மாற்ற நம்மவர்கள் ஆதார் மையத்துக்கு நேரில் போனார்கள். 50 ரூபாயாக இருந்த கட்டணம் 2025 அக்டோபர் முதல் 75. அங்கே கைரேகை கேட்பார்கள். ஆசிட்டிலும் மெருகிலும் ஊறிய கைகளுக்கு ரேகை ஏது? நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கட்டை விரலைத் துண்டில் துடைத்துத் துடைத்து வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "என் ரேகையெல்லாம் கொலுசுல போயிருச்சு தம்பி, இங்க எங்க இருக்கும்?" என்றார். கடைசியில் கருவிழி வைத்துச் சரியானது. ரேகை பதியாதவர்கள் கருவிழி வைக்கலாமா என்று போனவுடனே கேளுங்கள்.

பழைய பதிவு வைத்திருப்பவர்களின் பாடு வேறு. ஓர் உறுப்பினரின் ஜி.எஸ்.டி. கணக்கில் இருந்த எண்ணும் மின்னஞ்சலும், கணக்கு பார்த்துக்கொடுத்த அலுவலகத்தில் வேலை செய்து எப்போதோ நின்றுவிட்ட பையனுடையவை. பாஸ்வேர்ட் மறந்துபோனதும் ஓ.டி.பி. அந்தப் பையனைத் தேடிப் போய்விட்டது. இப்படிச் சிக்கினால், நம் பகுதி ஜி.எஸ்.டி. அதிகாரியிடம் ஆவணங்களோடு மனுக் கொடுத்து எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றலாம். ஆனால் பாஸ்வேர்ட் கையில் இருக்கும்போதே செய்தால் வீட்டிலிருந்தபடியே முடியும்; அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. ஆடிட்டரை மாற்றச் சொல்லவில்லை. ரிட்டர்னை அவரே போடட்டும், ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அப்படித்தான். அதை அடுத்தவர் மேஜையில் விட்டுவைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவைப்பது மாதிரி.

சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2020 ஜூலை 1 முதல் அது இலவசம்தான். ஆவணம் எதையும் ஏற்றவும் வேண்டாம். தனி உரிமையாளர் என்றால் அவர் ஆதார், கூட்டு நிறுவனம் என்றால் நிர்வாகப் பங்குதாரரின் ஆதார். அரசு முத்திரை மாதிரிப் போட்டுப் பணம் கேட்கும் தளங்கள் ஏராளம். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள். பான் இல்லாத, ஜி.எஸ்.டி. வரம்பைத் தாண்டாத வீட்டுப் பட்டறைகளுக்கு 2023 ஜனவரியில் வந்த உத்யம் அசிஸ்ட் இருக்கிறது; வங்கியில் கேளுங்கள்.

மனசுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்குரிய 33, அடுத்த பத்தும் உரிமையாளரின் பான். ஆகவே தனி உரிமையாளர் காலமானால், மகன் அதே பட்டறையை நடத்தினாலும் அந்த எண்ணில் நடத்த முடியாது. புதுப் பதிவு எடுத்து, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழிக்காமல் மிச்சமிருப்பதை ஐ.டி.சி.-02 படிவத்தில் புது எண்ணுக்கு மாற்றி, பழையதை ரத்து செய்ய வேண்டும். அப்பாவின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாமல் இந்த ஆண்டு ஒரு குடும்பம் பட்ட அவதியை நேரில் பார்த்தோம். அப்பாக்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்துவையுங்கள். பிற்பாடு புதுப் பதிவு தப்பாது, ஆனால் கணக்காவது வீட்டுக்குள் இருக்கும்.

நம் சங்கமும் விதிவிலக்கல்ல. சங்கத்தின் பான் மீதான வருமான வரிக் கணக்கில் முன்னாள் பொருளாளரின் எண்தான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் அவரும் முகம் சுளிக்காமல் ஓ.டி.பி. சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மகளைப் பார்க்க வெளிநாடு போனபிறகு நாம் விழித்தோம். அப்புறம் அலுவலகத்துக்கென்று ஒரு சிம்மும் பொது மின்னஞ்சலும் வாங்கினோம். பாஸ்வேர்ட் உறையிலிட்டு பீரோவில் இருக்கிறது, சாவி தலைவரிடம்.

இனி நிர்வாகிகள் மாறும்போது, பொறுப்பு ஒப்படைக்கும் அன்றே எல்லா அரசுத் தளங்களிலும் பெயரும் எண்ணும் மாற்றப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். அதையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்