சுன்னாகம் சந்திக்கு நிழல் வேண்டும், மலசலகூடம் வேண்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊரவர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையை அறியாத வலிகாமத்தார் இருக்கமாட்டார்கள். வாழைக்குலை, மரக்கறி, புகையிலை, பனங்கட்டி என்று குடாநாட்டு மண்ணில் விளைவது பலவும் இங்கே கைமாறுகிறது. ஆனால் இங்கே நின்று ஒரு வார்த்தை பேச எவருக்கும் மனமில்லை. வாங்கின கையோடு பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் எப்போது என்று பார்க்கிறோம். காங்கேசன்துறை வீதியோரம் வெயிலில் தலை காய்கிறது, மழையில் கணுக்கால்வரை தண்ணீர். விடியப்புறம் மரக்கறி கொண்டுவருகிற பெண்கள் சிலர் வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க ஒழுங்கான இடமில்லை என்பதால்தான்.

இதற்கு ஒருவரை மட்டும் கைகாட்டிவிட முடியாது. வீதிக்குப் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபை, சந்தைக்குப் பொறுப்பு பிரதேச சபை, தண்டவாளத்தை ஒட்டிய நிலத்துக்குப் புகையிரதத் திணைக்களம், கடை வாசலுக்குக் கடைக்காரர். இடையில் கிடக்கிற துண்டு நிலங்களைத்தான் எவரும் தம்முடையது என்று நினைப்பதில்லை. 1990 இல் ரயில் நின்றது. காங்கேசன்துறைவரை அது திரும்ப ஓடத் தொடங்கியது 2015 ஜனவரியில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஸ்ரேசன் பக்கம் ஊரின் கொல்லைப்புறமாகிவிட்டது. ரயில் வந்து இவ்வளவு காலமாகியும் நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை.

முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. நடந்து வருகிறவன் பாரத்தை இறக்கச் சுமைதாங்கி வைத்தார்கள், தங்க மடம் கட்டினார்கள், குடிக்கக் கேணி வெட்டினார்கள். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடத்தின் கீழால் இன்றும் போக்குவரத்து நடக்கிறது. மாடு முதுகு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நட்டு வைத்த யாழ்ப்பாணம் இது. அந்த யாழ்ப்பாணத்தில் சந்தைக்கு வரும் ஆச்சி ஒருவர் இருந்து இளைப்பாற ஒரு வாங்கில் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இன்னொரு கடைத்தொகுதிக்காக அல்ல. வரவேற்பு வளைவுக்காகவும் அல்ல. தகப்பனார் பெயரில் வளைவு கட்டித் தரலாமா என்று அன்போடு கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நன்றி. ஆனால் நண்பகலில் வளைவின் நிழல் வளைவுக்கே போதாது. முதலில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி மலசலகூடம், சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளத்தோடு. அடுத்தது கூரையுள்ள பஸ் தரிப்பிடம், வாங்கில்கள், குடிதண்ணீர்க் குழாய். பிறகு சந்தையிலிருந்து ஸ்ரேசன்வரை இருபுறமும் மரமும் விளக்கும் உள்ள நடைபாதை. மரங்களை ஐப்பசி மழையோடு நட வேண்டும். மின்கம்பி போகிற பக்கத்தில் வேம்பு வைத்தால் கம்பிக்காக ஒருநாள் மொட்டையாகத் தறித்துவிடுவார்கள். அங்கே பூவரசு வைத்துக் கட்டுக்குள் வளர்ப்போம். மறுபக்கம் வேம்பும் இலுப்பையும்.

மலசலகூடக் குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. வழக்கமான ஊறுகுழி வெட்டினால் மலிவாக முடியும். எங்கள் காலுக்குக் கீழே இருப்பதோ வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். வற்றாத ஆறு எதுவும் குடாநாட்டில் இல்லை. மேற்கே கந்தரோடை வழியாக ஓடும் வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றை நம்பியே. 2014 ஐ ஒட்டிய காலத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது எவருக்கும் மறந்திருக்காது. அந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போயிற்று. இன்னொரு தரம் கிணற்றைக் கெடுக்கும் பாவம் எங்களுக்கு வேண்டாம். அடியும் பக்கமும் நீர் கசியாதபடி கொங்கிரீட்டில் மூடிய தொட்டி கட்டி, நிரம்ப நிரம்பப் பவுசரில் எடுப்பிப்பதுதான் திட்டம்.

நடைபாதை வந்து வாகனம் நிறுத்துகிற இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று வர்த்தகர்கள் சிலர் பயப்படுகிறார்கள். லண்டன் வோல்தம்ஸ்ரோவிலும் ஓர்ஃபோர்ட் வீதியில் பகல்நேர வாகனப் போக்குவரத்தைத் தடுத்தபோது எதிர்ப்பு கிளம்பி, 2015 இல் சவப்பெட்டி சுமந்துகூட ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இன்று அதே வீதியில் கதிரை போட்டிருந்து சாப்பிடுகிறார்கள். அங்கே உள்ள எங்கள் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் லண்டன் வேறு, இது வேறு. காங்கேசன்துறை வீதியை நாங்கள் மறிக்கப் போவதில்லை. லொறியில் சாமான் இறக்கும் நேரத்தை அதிகாலைக்கு ஒதுக்குவது பற்றி மட்டும் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

கட்டுவதற்குக் காசு எப்படியும் சேரும். யாழ். நகரில் ஆரியகுளம் 2021 இல் தனியார் கொடையும் மாநகர சபையும் சேர்ந்ததால் புதுப்பொலிவு பெற்றது. கட்டின பிறகு கூட்டிக் கழுவத்தான் எவரும் தருவதில்லை. கோயில் திருவிழாவுக்கு உபயம் பிடிக்க ஆட்கள் போட்டி போடுகிற ஊரில், மலசலகூடம் கழுவுகிற கூலிக்கு உபயகாரரைத் தேட வேண்டியிருக்கிறது! எனவே கோயில் முறையையே கடன் வாங்குகிறோம். வருடத்தின் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு உபயம். ஒரு மாத உபயம் 65,000 ரூபா. துப்புரவுப் பணியாளர் சம்பளம், பவுசர் கூலி, சவர்க்காரம், பல்ப் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு குடும்பமாகவோ, பழைய மாணவர்கள் சேர்ந்தோ, ஒரே ஒழுங்கை அயலவர்கள் கூடியோ எடுக்கலாம். உபயகாரரின் பெயர் அந்த மாதம் முழுவதும் அறிவித்தல் பலகையில் இருக்கும். கல்லில் பொறிக்க மாட்டோம்.

மரம் ஒன்றுக்குப் பாதுகாப்புக் கூடும் இரண்டு வருடத் தண்ணீரும் சேர்த்து 12,000 ரூபா. காசாகத் தர இயலாதவர்கள் ஒரு லோட் கல் பறிக்கலாம், மேசன் வேலைக்கு ஒருநாள் வரலாம். மழை பொய்க்கும் மாதங்களில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கிணறு தந்தாலும் அது பெரிய கொடை.

பணம் குழுவின் வங்கிக் கணக்கில் மூவரின் கூட்டுக் கையொப்பத்தில் இருக்கும். நிலத்துக்குப் பொறுப்பானவர்களின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சதமும் கட்டடத்துக்கு எடுக்கப்படாது. வேலை தொடங்கவே முடியாமற் போனால் தந்தவரிடமே திருப்பித் தரப்படும். மாதாந்த வரவுசெலவு சந்தை வாசலில் ஒட்டப்படும். கணக்கு இலக்கம் எங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. சீட்டு இல்லாமல் குழுவின் பெயரைச் சொல்லி எவர் கேட்டாலும் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். தை, மாசி மாத உபயங்களுக்கு இன்னும் ஆள் இல்லை. முதலில் அந்த இரண்டையும் யாராவது பொறுப்பெடுத்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
குழுவினர், சுன்னாகம்